சத்தம் நிக்கவே மாட்டேங்குது: பேஸ் கிட்டாரில் வலது கை பழகிய கதை

கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பியிருந்தான். ஒரு நிமிடம்கூட வராத துண்டு. கேட்டால் பாட்டு இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, டிரம் இருக்கிறது, அதற்கெல்லாம் அடியில் யாரோ வாசலில் லாரியை அணைக்காமல் விட்டுப் போன மாதிரி 'ம்ம்ம்ம்' என்று ஒரு உறுமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும். அந்த லாரி நான்தான். கீழே எழுதியிருந்தான்: "அண்ணே, நோட்டெல்லாம் சரியாத்தான் விழுது, ஆனா எதுவும் நிக்க மாட்டேங்குது லா."

அதுவரை ஆறு மாதம் இடது கையை மட்டும்தான் பழக்கியிருந்தேன். எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எந்த சுரம், சுண்டுவிரலை எப்படி நீட்டுவது, இப்படியே போனது. வலது கை கம்பியை இழுக்கிறது, சத்தம் வருகிறது, இதில் பழக என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பைத் திருத்திக்கொள்ள மூன்று மாதம் பிடித்தது. என்ன செய்தேன், எங்கே சொதப்பினேன் என்று எழுதி வைக்கிறேன், என்னைப் போல வயது நாற்பதை நெருங்கும்போது ஆரம்பிக்கும் யாருக்காவது உதவும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி. எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். இங்கே பேஸ் கிட்டார் விற்கும் கடை எதுவும் எனக்குத் தெரியாது, ஈப்போ போக வேண்டும், அரை மணி நேரம். நான் அதுவும் போகவில்லை. அத்தை மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போகும்போது 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) தள்ளிவிட்டுப் போனதுதான் இது. ஜாஸ் பேஸ் வடிவத்தில் செய்த நகல், நான்கு கம்பி (தடியிலிருந்து மெல்லியது வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி), இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தத் துண்டு), ஒலிக்கும் கம்பி நீளம் 34 அங்குலம். கம்பிகள் துருப்பிடித்துக் கறுத்திருந்தன. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கும் கை வியர்வைக்கும் துடைக்காமல் வைத்தால் கம்பி சீக்கிரமே செத்துவிடும். புதுக் கம்பி போட்டேன், ஜி 0.045 அங்குலத்திலிருந்து ஈ 0.105 வரைக்கும் உள்ள சாதாரண செட்.

கம்பி மாற்றும்போதுதான் கவனித்தேன், 17-வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நான்கு மில்லிமீட்டருக்கும் அதிக உயரத்தில் நிற்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். நான் வேலை பார்ப்பது ஹார்ட்வேர் கடையில், ஆலன் கீக்குப் பஞ்சமில்லை. கழுத்தை நேராக்க உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று, மறுநாள் இன்னொரு கால் சுற்று (ஒரே நாளில் அதிகமாகத் திருப்பாதீர்கள், மரம் மெதுவாகத்தான் நகரும்), அப்புறம் பாலத்தில் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) ஒவ்வொரு கம்பியின் திருகையும் இறக்கினேன். இறக்கி முடித்து ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி வாசித்தால் 'சர்ர்ர்' என்று எல்லா ஃப்ரெட்டிலும் இரைச்சல். கம்பி ஃப்ரெட்டில் போய் அடிக்கிறது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஏற்றப் போனேன்.

நல்ல வேளையாக அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு அங்கிளைப் பார்க்கப் போனேன். எண்பதுகளில் கல்யாண விருந்துகளில் பேஸ் வாசித்தவர். கிட்டாரை வாங்கி அதே கம்பி உயரத்தில் அவர் வாசித்தார், ஒரு இரைச்சல் இல்லை. என்னிடம் திருப்பிக் கொடுத்தார், நான் வாசித்தேன், சர்ர்ர். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, எழுந்துபோய் ஆம்பின் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு, "இப்ப அடி, ஆனா பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது" என்றார். குழந்தை எதுவும் இல்லை. ஆனாலும் மெதுவாகத் தொட்டேன். இரைச்சல் போய்விட்டது, சத்தம் முன்னைவிடப் பெரியதாக, உருண்டையாக வந்தது. "ஆம்புக்குக் காசு குடுத்திருக்க இல்ல, அப்புறம் நீ ஏன் கஷ்டப்படுற?"

அன்றைக்குப் பிறகு கம்பியை உயர்த்தவில்லை. அந்த சர்ர்ர் எனக்கு எச்சரிக்கை மணி மாதிரி ஆகிவிட்டது. கேட்டால் கை தோண்டுகிறது என்று அர்த்தம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலர் செய்வது இதற்கு நேர்மாறு, ஆம்பைக் குறைத்து வைத்துக்கொண்டு விரலால் உழுவது. வீட்டில் திட்டு விழுமே என்ற பயம். எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் சாயங்கால மழை பிடித்தால் ஆம்ப் சத்தம் கேட்கவே கேட்காது, நானும் தெரியாமலே இழுத்து இழுத்து அடிப்பேன். மழை நாளில் இப்போது ஹெட்போன்தான்.

தோண்டுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நடப்பது அதுதான். விரல் நுனியை வளைத்துக் கொக்கி மாதிரி கம்பிக்கு அடியில் விட்டு மேலே பிடுங்கிக்கொண்டிருந்தேன். கம்பி உடலுக்குச் செங்குத்தாக ஆடும், திரும்பி வரும்போது ஃப்ரெட்டில் மோதும். செய்ய வேண்டியது வேறு: விரல் நுனிச் சதையைக் கம்பியின் மேல் வைத்து, அமுக்கினாற்போலத் தள்ளி, கம்பியைக் கடந்துபோய் அடுத்த தடிக் கம்பியில் சாய்ந்து நிற்க வேண்டும். டி கம்பியை மீட்டிய விரல் ஏ கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஈ கம்பியை மீட்டினால் அடுத்த கம்பி இல்லை, அதனால் விரல் கட்டை விரலில் வந்து முட்டும். அசைவு அடிக்கணுவிலிருந்து வர வேண்டும், உள்ளங்கையை விரல் சேரும் அந்தப் பெரிய மூட்டிலிருந்து. நுனி மூட்டு மட்டும் சுருண்டால் அது பிடுங்கல்.

அம்மா கதவோரம் நின்று இதையெல்லாம் பார்ப்பார். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை, நாங்களும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு நாள் கேட்டார், "என்னாடா, கம்பியில காயம் போடுற?"

பால் வெட்டுபவர்களுக்குக் காயம் என்றால் அது ஒரு கெட்ட வார்த்தை மாதிரி. பால் ஓடும் நரம்பெல்லாம் பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டினாற்போல இருக்கும். மேலாகச் சீவினால் பால் கம்மி. ஒரு மில்லி ஆழம் கூடிவிட்டால் கத்தி மரத்தில் பட்டுக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தியை வைக்க முடியாது, மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் திட்டு வாங்க வேண்டும். "கைய ஊனக் கூடாது, கத்தி அதுவா வழுக்கிட்டுப் போவணும்" என்று காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு, சரிவாக, ஒரே சீராக. அறுபத்தெட்டு வயதில் அந்த மணிக்கட்டு அசையவே இல்லை, முழங்கையும் தோளும்தான் போனது. எனக்கு அந்த ஒரு இழுப்பு எத்தனையோ காணொளிகளைவிட அதிகம் புரிய வைத்தது.

மணிக்கட்டு என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் கிட்டாரின் தோள் பட்டையை நீளமாக விட்டு, கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு நின்றேன், பார்க்க நன்றாக இருக்கும் என்பதால். அப்படி நின்றால் வலது மணிக்கட்டு கொக்கின் கழுத்து மாதிரி மடங்கும். இரண்டாவது வாரத்தில் ராத்திரி படுத்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மதமதவென்று மரத்துப்போக ஆரம்பித்தன. இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டார் தொடையில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி பட்டையைச் சுருக்கினேன். மணிக்கட்டு ஏறக்குறைய நேரானது, மதமதப்பு போய்விட்டது. போகாமல் தொடர்ந்தால் கிளினிக் போங்கள், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

அப்புறம் மாற்றி மாற்றி மீட்டுவது. ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60, ஒரு தட்டுக்கு இரண்டு மீட்டல். கேட்க சரியாகத்தான் இருந்தது. பதிவு செய்து கைப்பேசியில் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அசிங்கம் தெரிந்தது: ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, வேலிக்கால் போல வரிசையாக. நெட்டையெல்லாம் நடுவிரல். அது நீளமான விரல், கம்பியில் அதிகமாக நுழைகிறது, அதிகமாக இழுக்கிறது. நேரமும் சீராக இல்லை, நடுவிரல் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது, குதிரை நொண்டுகிற மாதிரி.

இரண்டு வேலை செய்தேன். கையை லேசாகச் சாய்த்து, இரண்டு விரல் நுனியும் ஒரே கோட்டில் கம்பியைத் தொடும்படி நடுவிரலைக் கொஞ்சம் கூடுதலாக மடித்தேன். இது உடனே பாதி பலன் கொடுத்தது. மீதிப் பாதிக்கு உறுமி அடிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் வழி சொன்னார். "நாலு நாலா எண்ணுனா எப்பவும் ஒரே விரல்தான் முதல் தட்டுல விழும், இன்னொன்னு சோம்பேறியாவே இருக்கும். தகிட போடு." சரிதான். தகதிமி என்று நான்காக வாசித்தால் 'த' எப்போதும் ஆள்காட்டிக்கே போகும். தகிட தகிட என்று மூன்றாகப் போனால் முதல் 'த' ஆள்காட்டி, அடுத்த 'த' நடுவிரல், அதற்கடுத்தது மறுபடி ஆள்காட்டி. அழுத்தம் இரண்டு விரலுக்கும் முறை வைத்து வரும். வாயால் சொல்லிக்கொண்டே 50-இல் ஆரம்பித்தேன், மூன்று வாரத்தில் 80. வேலிக்கால் இன்னும் முழுக்க மட்டமாகவில்லை, ஆனால் இப்போது எது எந்த விரல் என்று படத்தைப் பார்த்து என்னாலேயே சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும்தான் பயன்படுத்தினார். அந்த விரலுக்குக் கொக்கி என்றே பட்டப்பெயர். இரட்டை பேஸ் எனப்படும் பெரிய நிற்கும் கருவியிலிருந்து வந்தவர் அவர். அதனால் இரண்டு விரல் வேதம் இல்லை. இன்னொரு பெயர்பெற்ற பேஸ் கலைஞர் கரோல் கே, பிக் எனப்படும் சின்னத் தகட்டை வைத்துத்தான் வாசித்தார். 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது ஜி கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டையைத் திருகி வைத்திருந்தார்கள், நான்கு விரலையும் அதில் மாட்டிக்கொண்டு கட்டை விரலால் மீட்டுவார்கள் என்ற எண்ணத்தில். ஆட்கள் விரலால் மீட்டவே அந்தக் கட்டை பின்னாளில் எதிர்ப்பக்கம் போய்க் கட்டை விரல் தாங்கியானது. செய்தவர்களுக்கே இந்தக் கருவியை எப்படி வாசிப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியவில்லை. இருந்தாலும் நான் ஜேமர்சன் இல்லை, எனக்கு ஒரு விரலில் வேகமும் வராது, அதனால் இரண்டு.

கொப்புளம் ஒன்பதாவது நாள் வந்தது. ஆள்காட்டி நுனியில், மிளகு அளவு. நான் புத்திசாலித்தனமாக அதை ஊசியால் குத்தினேன், அடுத்த நான்கு நாள் சாம்பார் பிசைந்து சாப்பிட முடியவில்லை. குத்தாதீர்கள். ஓய்வு கொடுத்தால் தானே காய்ந்து அடியில் தோல் காய்த்துவிடும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைப்பதைவிட இருபது இருபது நிமிடமாக மூன்று தடவை.

சரி, இப்போது லாரிக்கு வருகிறேன். இதுதான் உண்மையில் பெரிய வேலை, என் மூன்று மாதத்தில் பாதி இதற்கே போனது.

இதைச் செய்து பாருங்கள். ஏ கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டை அமுக்கி ஒரு தடவை மீட்டுங்கள். இரண்டு நொடி கழித்து அந்தக் கம்பியை இடது கையாலேயே நிறுத்துங்கள். சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்காது. யாரும் தொடாத ஈ கம்பி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், கண்ணால் பார்த்தாலே தெரியும், ஓரம் மங்கலாக இருக்கும். காரணம் எளிது: ஏழாவது ஃப்ரெட்டில் நீங்கள் வாசித்ததும் ஈ சுரம்தான், ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். சும்மா கிடக்கும் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், சரியாக அதில் பாதி. அதனால் அது கூடவே எழுந்துகொள்ளும். டி கம்பியில் ஏழாவது ஃப்ரெட் வாசித்தால் ஏ கம்பி எழும். மீட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் இப்படி யாராவது ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தனியாக அறையில் வாசிக்கும்போது இதமாக இருக்கும், நாமும் ஆகா என்ன கனம் என்று நினைத்துக்கொள்வோம். டிரம்மோடு சேர்ந்தால் சேறு.

ஆக வலது கைக்குச் சத்தம் எழுப்புவது பாதி வேலை, சத்தத்தை நிறுத்துவது மீதி. நான் கட்டை விரலைப் பிக்கப்பின் ஓரத்தில் ஊன்றி, அங்கேயே ஆணி அடித்தாற்போல வைத்திருந்தேன். ஈ கம்பியை மீட்டும்போது அது சரி. ஆனால் ஜி கம்பிக்கு விரல் போகும்போது ஈ, ஏ இரண்டும் காவல் இல்லாமல் கிடக்கும், விரலும் எட்டுவதற்காக விரைத்து நீளும்.

மாற்றிக்கொண்டது இப்படி. ஈ கம்பி வாசிக்கும்போது கட்டை விரல் பிக்கப்பில். ஏ கம்பிக்குப் போனால் கட்டை விரல் கூடவே நகர்ந்து ஈ கம்பியின் மேல் உட்காரும், ஈ செத்தது. டி கம்பிக்குப் போனால் கட்டை விரல் ஏ கம்பியில், அதன் பக்கவாட்டுச் சதை பின்பக்கமாகச் சாய்ந்து ஈ கம்பியையும் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் டி மீட்டிய விரலும் ஏ கம்பியில்தான் வந்து சாயும், இரண்டுக்கும் இடம் போதும், நெருக்கம் பழகிவிடும். ஜி கம்பிக்கு நான் கட்டை விரலை ஏ, ஈ மேலேயே விட்டுவிடுகிறேன், மீட்டிய விரல் டி கம்பியில் வந்து சாய்வதே டி-யை அடக்கிவிடும். சிலர் கட்டை விரலை டி வரைக்கும் கொண்டுவருகிறார்கள், என் கட்டை விரல் குட்டை, சாய்ந்தால் மூன்று கம்பிக்குப் போதவில்லை. மெல்லிய கம்பிகள், அதாவது ஈ வாசிக்கும்போது ஏ, டி, ஜி, இவை இடது கையின் பொறுப்பு. அமுக்கும் விரலுக்குப் பின்னால் மற்ற விரல்கள் தட்டையாகப் படுத்துத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

எழுதப் படிக்க எளிது. முதல் நாள் கட்டை விரலை நகர்த்தினால் மற்ற விரல்களுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, கப்பல் துறையிலிருந்து அவிழ்ந்துகொண்ட மாதிரி. கம்பியைத் தவறவிட்டேன், இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்தேன். பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பயிற்சி: நான்கு தட்டு வாசிப்பு, நான்கு தட்டு மௌனம். ஈ-யில் ஒரு சுற்று, கட்டை விரல் நகர்ந்து ஏ-யில் ஒரு சுற்று, டி, ஜி, பிறகு திரும்பி. பதிவு செய்து, வாசித்ததைத் தள்ளிவிட்டு மௌனங்களை மட்டும் ஹெட்போனில் கேட்பேன். முதல் வாரம் மௌனம் என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் முனகல். விரலைக் கம்பிக்குக் கொண்டுபோகும்போது எழும் 'டிக்' சத்தம் வேறு, அது வேகமாக வைத்தால் வரும், சதையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் வராது.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம், நான்கு தட்டு முடிந்து நிறுத்தினேன், அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார், "என்னா, கரண்டு போச்சா?" அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை வரவில்லை.

சாய்ந்து நிற்கும் மீட்டலில் இன்னொரு இலவசம் உண்டு. ஜி-யை மீட்டிய விரல் டி-யில் சாய்ந்து நிற்கிறது இல்லையா, அடுத்து வாசிக்க வேண்டியது டி என்றால் விரலை எடுக்காமல் அப்படியே இழுத்துவிடலாம், அது ஏ-யில் சாயும், மறுபடி இழுக்கலாம். வறட்டி தட்டிய கையை அப்படியே வழித்து எடுப்பது போல ஒரே விரலில் மூன்று கம்பி. கண்டிப்பாக விரல் மாற்றியே தீர வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் தடிக் கம்பி பக்கம் வரும்போது வழித்துவிடுவதையே வைத்துக்கொண்டேன். ஒரு ஆபத்து, வழிக்கும்போது விரல் சறுக்கிக்கொண்டு முந்தும், மூன்று சுரமும் ஒன்றின் மேல் ஒன்று விழும். வாயில் தகிட ஓடிக்கொண்டிருந்தால்தான் அது அடங்குகிறது.

இனி மரவேலை. இது இல்லாமலும் பழகலாம், ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. தோண்டும் பழக்கம் மெதுவாக வாசிக்கும்போது போய்விட்டது, வேகம் கூடினாலோ பாட்டில் லயித்துவிட்டாலோ திரும்பி வந்தது. இதற்கு ஒரு பழைய தந்திரம், இரண்டு பிக்கப்புக்கும் நடுவே கம்பிகளுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் பொருத்திவிடுவது. கேரி வில்லிஸ் என்ற பேஸ் கலைஞரால் பிரபலமானது. விரல் ஒரு அளவுக்கு மேல் கீழே போகாது, கட்டை தடுத்துவிடும். ஆங்கிலப் பெயர் ரேம்ப், நான் திண்ணை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்குப் பின்னால் மேசை நாற்காலி செய்யும் பட்டறை. அங்கே கழித்துப் போட்ட ரப்பர் மரத் துண்டு ஒன்று ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "நாங்க அடுப்புல வெச்ச மரத்துக்குக் காசு குடுத்தியா?" என்றார். பால் வற்றிய மரத்தைச் சாய்த்தால் அன்றைக்கு விறகு, இன்றைக்கு அதே மரம்தான் மேசையாகிக் கப்பலேறுகிறது.

என் கிட்டாரில் இரண்டு பிக்கப்புக்கும் இடைவெளி ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு ஒரு மில்லி குறைவாக நீளம், ஆறரை சென்டிமீட்டர் அகலம் அறுத்தேன். கவனம் வேண்டியது மேல்பரப்பில்தான். கம்பிகள் நான்கும் ஒரே மட்டத்தில் இல்லை, கழுத்தின் வளைவுக்கு ஏற்ப நடுக் கம்பிகள் கொஞ்சம் உயர்ந்திருக்கும். தட்டையான பலகை வைத்தால் நடுவில் இடைவெளி அதிகம், ஓரத்தில் குறைவு. அதனால் ஒரு பழைய அழைப்பிதழ் அட்டையைக் கழுத்தின் முகப்பில், கடைசி ஃப்ரெட்டுக்கு மேல் நிறுத்தி வளைவைக் கோடு போட்டு வெட்டி எடுத்துக்கொண்டு, அந்த அட்டை பொருந்தும் வரைக்கும் 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தேன், பிறகு 240, பிறகு 400. கடைசியில் விரல் வழுக்கும் அளவுக்கு மெழுகு.

முதல் தடவை உயரம் தப்பு. திண்ணைக்கும் கம்பிக்கும் இரண்டு மில்லி கூட இல்லை, கொஞ்சம் அழுத்தினால் கம்பி மரத்தில் 'டக்'கென்று மோதியது, ஆம்பில் மரங்கொத்தி மாதிரி கேட்டது. இரண்டாவது தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டேன், இருந்தும் இல்லாத மாதிரி, அந்தக் கட்டை இப்போது மேசை ஆடாமல் இருக்கக் காலடியில் இருக்கிறது. மூன்றாவது கட்டையில் பிக்கப்பின் முகத்துக்குச் சமமாக வைத்தேன், இரட்டைப் பக்க நாடா ஒட்டி நிறுத்தினேன், துளை போடவில்லை. இப்போது கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று மில்லி சொச்சம். விரல் நுனியின் சதை போகும், நகம் போகாது. முதல் நாள் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, ஓங்கி இழுக்க வழியே இல்லை. நான்காம் நாள் கை அடங்கிவிட்டது. கட்டை விரலுக்கும் வசதி, பிக்கப்போ திண்ணையோ எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

எங்கே நின்று மீட்டுவது என்பதும் இதனால் கவனத்துக்கு வந்தது. கழுத்துப் பக்கம் போனால் கம்பி தளர்வாக, சத்தம் உப்பலாக. பாலத்துப் பக்கம் வந்தால் கம்பி விறைப்பாக, சத்தம் ஒல்லியாக, ஆனால் சொல் சுத்தம். எதிரொலிக்கும் மண்டபத்தில் பாலத்துப் பக்கம் இரண்டு விரல்கடை தள்ளி வாசித்தால் கூட்டத்தில் தொலையாமல் இருக்கும் என்று ஈப்போ அங்கிள் சொன்னார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டிப் பாலத்தை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினால் பழைய பாட்டுகளில் வரும் குட்டையான 'தும்' கிடைக்கும், அதையும் செய்து பார்த்தேன். நன்றாக இருந்தது, ஆனால் கட்டை விரல் மறுபடி சோம்பேறியாகிவிடும் என்று எடுத்துவிட்டேன். பச்சைப் பக்கம் கீழே இருக்கும்படி வெட்டாதீர்கள், வார்னிஷைச் சுரண்டும்.

போன சனிக்கிழமை கீபோர்டு தம்பியின் சித்தப்பா மகள் கல்யாண விருந்தில் ஆறு பாட்டு வாசித்தோம். மூன்றாவது பாட்டில் யாரோ உறவுக்காரர் ஆடிக்கொண்டே வந்து பத்து வெள்ளி நோட்டை என் சட்டைப் பையில் செருகப் பார்த்தார், நான் அவரைப் பார்த்த அந்த நேரத்தில் கட்டை விரல் பழையபடி பிக்கப்பில் போய் ஊன்றிக்கொண்டது போலிருக்கிறது. பதிவில் சரியாக அந்த இடத்திலிருந்து லாரி கிளம்புகிறது, பாட்டு முடியும் வரைக்கும் போகவில்லை. மற்ற ஐந்தும் பரவாயில்லை. தம்பி அந்த ஐந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவதை மட்டும் வெட்டி எடுத்து, சிரிக்கும் முகத்தோடு அனுப்பியிருந்தான்.

அதே பதிவில் இன்னொன்றும் கேட்டது, ஜி கம்பியில் அழுத்தி வாசித்த இரண்டு இடத்தில் மரங்கொத்தி. திண்ணையில் ஜி பக்கம் இன்னும் அரை மில்லி அதிக உயரமாக இருக்கிறது போல. நாடாவைச் சூடு காட்டி எடுத்து, அந்த ஓரத்தை மட்டும் 240-இல் தேய்க்கப் போகிறேன், கடையில் ஹேர் டிரையர் மாதிரி ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.